பழைய கூட்டாளிகளோடு பழம்பொருள் கண்காட்சிக்கு: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்திரை, பழைய காசு, இசைத்தட்டு, ரேடியோ, பித்தளைச் சாமான், பள்ளிக்கூடப் படம் என்று சேர்த்து வைத்திருப்பவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் கணிசமாக இருக்கிறோம். இடைக்கிடை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தையோ வாசிகசாலையையோ கேட்டு வாங்கி, மேசை போட்டு, சேர்த்ததைக் காட்சிக்கு வைப்போம். விற்கிறவர்கள் விற்பார்கள், மாற்றுகிறவர்கள் மாற்றுவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். வருகிறவர்களில் பலர் ஒரே வகுப்பில் படித்த கூட்டாளிகள். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒருவர் லீவில் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் பேசி எல்லாரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். வரும் முன்னும் வந்த பிறகும் அவர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கண்காட்சியில் என்னதான் இருக்கும்?

முதலில் கண்ணில் படுவது காசு மேசைதான். சதுர வடிவ ஐந்து சதம், ஓரம் வளைந்து வளைந்து பூப்போல இருக்கும் இரண்டு சதமும் பத்துச் சதமும், தாளிப்பனை பொறித்த பழைய செப்புச் சதங்கள் எல்லாம் அங்கே இருக்கும். புத்த ஜயந்திக்காக 1957-ல் வெளிவந்த ஐந்து ரூபாய் வெள்ளி நாணயத்தைக் கேட்டு வருபவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது ஒரு தாள்காசு. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942-ல், ஐந்து சதத்துக்கே தாள் அடித்தார்கள். அதன் நடுவில் முத்திரைத் தாளில் இருப்பதுபோல் துளைக்கோடு ஓடும். கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதம், மறுபக்கம் மூன்று சதம்! கிழியாத முழுத்தாள் கிடைப்பது அருமை. அது இருக்கும் மேசையை விட்டு எங்கள் வயதுக்காரர் அசையமாட்டார்கள்.

அடுத்தது முத்திரை ஆல்பங்கள். அதற்குப் பக்கத்தில் கிராமபோன், இசைத்தட்டு, கசெட். ரயில் நிலையத்தில் தந்த தடித்த அட்டை டிக்கெட், ரேடியோ வைத்திருக்க எடுத்த லைசன்ஸ், பிஸ்கட் தகரம், கழுத்துக்குள் கண்ணாடிக் கோலி போட்ட சோடாப் போத்தல் என்று சிறுசிறு சாமான் ஒரு மேசை நிறைய இருக்கும். காமிக்ஸ் மேசையும் உண்டு. முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் தொடங்கியது. அந்தக் காலத்தில் இந்தியச் சஞ்சிகைகள் இங்கே வருவதில் கட்டுப்பாடு இருந்ததால், ஒரு புத்தகம் வந்தால் ஊர் முழுக்கக் கைமாறும். அதனால் அட்டையோடு மிஞ்சிய பிரதி குறைவு.

அப்புறம் வீட்டுப் பொருட்கள். வெற்றிலை வட்டா, படிக்கம், பாக்குவெட்டி, நெல் அளந்த மரைக்கால், அரிக்கன் லாம்பு, பெற்றோமக்ஸ். மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் வந்ததும் உண்டு. இந்தப் பக்கத்துக்கே உரிய பொருள் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் கூத்துக் கொப்பியைத்தான் காட்டுவேன். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் கையால் எழுதிய வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்தின் பாட்டுகள், ஓரத்தில் தாளக்குறிப்பு, கடைசிப் பக்கத்தில் யார் யார் எந்த வேடம் ஆடினார்கள் என்ற பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுபோனபோது அவருக்குக் கைகொடுத்தது இப்படியான கொப்பிகளும் அவற்றை மனதில் வைத்திருந்த அண்ணாவிமாரும்தான்.

எனக்குச் சேகரிப்பில் ஈடுபாடு இல்லை. சும்மா பார்க்க வரலாமா?

வாருங்கள். வாங்க வேண்டும் என்று ஒருவரும் எதிர்பார்ப்பதில்லை.

ஏன் கூட்டாளிகளோடு வரச் சொல்கிறீர்கள்?

பழைய பொருளில் பாதி அதன் கதை. அந்தக் கதை ஒருவரிடம் முழுதாக இருப்பதில்லை.

ஒரு வகுப்புப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பெயரும் இல்லை, வருடமும் இல்லை. தனியாகப் பார்ப்பவர் தன்னையும் இரண்டு மூன்று பேரையும் அடையாளம் கண்டுவிட்டுப் போய்விடுவார். அதே படத்தைச் சுற்றி நாலைந்து பேர் நின்றால் கதையே வேறு. “அவன் இல்லை மச்சான், அவன்ட தம்பி. அண்ணன் அந்த வருசம் திருகோணமலைக்கு மாறிப் போயிட்டான்” என்று ஒருவர் தொடங்குவார். “கணக்குப் படிப்பித்த சேர் படத்தில் இருக்கிறார், அப்ப அவர் மாற்றலாகிப் போக முந்திய படம்” என்று இன்னொருவர் சேர்ப்பார். ஆரையம்பதிக்காரருக்குத் தெரிந்தது கல்லடிக்காரருக்குத் தெரியாது. காத்தான்குடியிலிருந்து வந்து கூடப் படித்தவருக்கு இருவரும் மறந்த ஒரு பெயர் ஞாபகம் இருக்கும். அரை மணித்தியாலத்தில் படத்தில் இருக்கும் எல்லாருக்கும் பெயர் வந்துவிடும்.

வருடத்தை எப்படிப் பிடிப்பது? இங்கே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்று இருக்கிறது: “சூறாவளிக்கு முந்தியதா, பிந்தியதா?” 1978 நவம்பர் 23-ஐத்தான் சொல்கிறோம். இன்னும் மூத்தவர்கள் 1957 மார்கழி வெள்ளத்தை வைத்துக் கணிப்பார்கள். படத்தில் தெரியும் கூரை ஓடா தகரமா, மதிலோரத்தில் அந்த மரம் நிற்கிறதா என்று பார்த்தே ஐந்து வருட இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

ஆகவே வரும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வாருங்கள். படத்தின் பின்பக்கத்தில் பேனையால் எழுதக் கூடாது. மை ஊறி முன்பக்கம் வரும், அழுத்தினால் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதலாம். அதைவிட, போனில் படம் பிடித்து, பெயர்களைத் தனித்தாளில் வரிசையாக எழுதுவது நல்லது. யார் சொன்னது என்பதையும் எழுதுங்கள். பிறகு இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது அது உதவும்.

மட்டக்களப்பில் பழைய பொருள் பெரிதாக மிஞ்சவில்லை என்கிறார்களே, உண்மைதானா?

உண்மைதான், காரணங்களும் எல்லாருக்கும் தெரிந்தவை. சூறாவளி கூரைகளைப் பிடுங்கியபோது புத்தகமும் படமும் ஒரே இரவில் நனைந்து போயின. பிறகு யுத்தம். இடம்பெயர்ந்து போனவர்கள் கையில் எடுத்தது காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நகை, முடிந்தால் கலியாணப் படம். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அப்புறம் 2004 டிசம்பர் 26. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, மருதமுனை என்று கடலோரம் முழுக்க வீடுகளோடு வீட்டுச் சாமானும் போனது. இதற்கெல்லாம் மேலாக உப்புக்காற்றும் வாவியின் ஈரமும் வருடம் முழுக்கத் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கின்றன.

இதனால் இங்கே ஒரு பொருளின் அருமையை வேறு அளவுகோலால் பார்க்க வேண்டும். கொழும்பில் ஒருவர் 1970-களின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். கடலோரத்து வீடொன்றிலிருந்து அதே அறிக்கை முழுதாக வந்தால் நாங்கள் கண்ணாடிக்குள் வைப்போம். விலைப்பட்டியலில் அதற்கு இடமில்லாமல் இருக்கலாம். அந்தப் பள்ளியில் அந்த வருடம் என்னென்ன பாடம் இருந்தது, யார் அதிபர், ஒரு தவணைக்கு எத்தனை நாள் பள்ளி நடந்தது என்று சொல்ல வேறு தாள் மிஞ்சாதபோது அந்த ஒரு தாள்தான் சாட்சி.

வீட்டில் கிடக்கும் எதைக் கொண்டுவரலாம்?

எதையும். எறியப் போகிறேன் என்று நீங்கள் நினைப்பதை முதலில் கொண்டுவாருங்கள்.

கடிதங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய உறையிலிருந்து முத்திரையை வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம் எங்கள் சின்ன வயதில் எல்லாருக்கும் இருந்தது. இனி அதைச் செய்யாதீர்கள். முத்திரை எங்கும் கிடைக்கும். உறையில் தபாற்கந்தோர் குத்திய மை முத்திரைதான் அரிது. எந்த ஊர், எந்தத் திகதி, எவ்வளவு கட்டணம், கடிதம் எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்று எல்லாவற்றையும் முழு உறை சொல்லும். சின்ன உப தபாற்கந்தோர்களின் முத்திரை தெளிவாக விழுந்த உறை என்றால் சேகரிப்பவர்கள் தேடி வருவார்கள். மத்திய கிழக்குக்குப் போன அண்ணன்மார் எழுதிய நீல நிற வான்கடிதங்களும் அப்படித்தான்.

தையல் மெசின் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை, இலக்கத்தைக் குறித்து வந்தால் போதும். சிங்கர் நிறுவனம் 1877-லேயே இலங்கைக்கு வந்துவிட்டது. மெசினின் உடலில் பொறித்த தொடர் இலக்கத்தை வைத்து அது செய்த வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். வெறும் எண் மட்டும் இருந்தால் 1900-க்கு முந்தியது. முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் 1900-லிருந்து, இரண்டு எழுத்து என்றால் 1930-களின் நடுப்பகுதியிலிருந்து. அம்மம்மாவின் சீதன மெசின் எந்த வருடத்தது என்று தெரிந்ததும் வீட்டில் அதற்குக் கிடைக்கும் மரியாதையே மாறிவிடும்.

கொண்டுவரும் முன் துடைத்து மினுக்கி விடட்டுமா?

காசை மட்டும் தொடாதீர்கள். புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை, பிறாசோ எதுவுமே வேண்டாம். செப்புக் காசின் மேல் வருடக்கணக்கில் படிந்த கபில நிறம் அதன் தோல். அதை உரித்தால் மினுங்கும், பெறுமதி போய்விடும். மறுபடி அந்த நிறத்தை யாராலும் வரவழைக்க முடியாது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் நனைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில் நெடுநாள் வைத்தால் காசில் பச்சைப் பசை படியும். தடித்த காகித உறை அதைவிட நல்லது.

குத்துவிளக்கையும் வட்டாவையும் வழக்கம்போலப் புளி போட்டு விளக்கலாம். அவை புழக்கத்துப் பொருட்கள், விளக்கி விளக்கியே வந்தவை.

இசைத்தட்டில் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள் அரக்கால் செய்தவை. விழுந்தால் ஓடுபோல உடையும், ஸ்பிரிட் பட்டால் கரையும். மெல்லிய துணியைச் சற்று நனைத்துத் துடைத்து உடனே உலர விடுங்கள். அடுக்கும்போது நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் நமது வெயிலில் வளைந்துவிடும்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்க வேண்டாம். கண்ணாடியோடேயே கொண்டுவாருங்கள், அப்படியே பிரதி எடுக்கலாம்.

ஒரு காசு அல்லது முத்திரை எவ்வளவு பெறும் என்று எப்படி அறிவது?

வயது மட்டும் விலையைத் தீர்மானிக்காது. எத்தனை அச்சானது, எத்தனை மிஞ்சியது, எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் விலை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1-ல் வந்த ஆறு பென்ஸ் விக்டோரியா. 1859-ல் வந்த நாலு பென்ஸ் மங்கல் ரோசா முத்திரைதான் இந்த நாட்டு முத்திரைகளில் உலகம் முழுக்கப் பேசப்படுவது. இவை இரண்டும் நம்முடைய பிஸ்கட் தகரத்துக்குள் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் 1960-லிருந்து 1990 வரையான முத்திரைகள். இலட்சக்கணக்கில் அச்சானவை, விலை சொற்பம். ஆனால் சின்ன வயதில் நீங்களே சேர்த்த ஆல்பம் என்றால் விலை பார்த்து என்ன ஆகப் போகிறது? வைத்திருங்கள்.

முகப்புத்தகத்தில் “இந்தப் பழைய காசு இருந்தால் பத்து இலட்சம்” என்று வரும் விளம்பரங்களை நம்பவே வேண்டாம். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், பிறகு வரி என்பார்கள், பிறகு ஆளே இருக்கமாட்டார். அரிசியை இழுக்கும் செம்பு, வலம்புரிச் சங்கு, யானையின் முத்து என்று சொல்லும் கஜமுத்து என்று வருபவர்களும் அதே வகை. இவற்றை நம்பிச் சீட்டுக் காசையும் நகையையும் இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. கஜமுத்து வைத்திருந்தவர்களைப் பொலிஸ் பிடித்த செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரும். உங்கள் குழுவில் யாராவது இப்படி ஒன்றில் கால் வைக்கப் போனால் மறித்துவிடுங்கள்.

வளவு கொத்தும்போது ஒல்லாந்தர் காசு கிடைத்தது என்கிறார்களே?

கிடைக்கக்கூடியதுதான். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628-ல் கட்டினார்கள், 1638-ல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795-ல் ஆங்கிலேயரிடம் போனது. ஒல்லாந்தர் காலத்தில் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனியின் செப்புக் காசு இந்தப் பக்கம் புழங்கியது. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் ஒன்றோடொன்று கோர்த்த சின்னமும் வருடமும் ஒரு பக்கம். ஒல்லாந்து, சீலாந்து போன்ற மாகாணங்களின் மரபுச் சின்னம் மறுபக்கம். இரண்டு பக்கமும் கூர்மையாகத் தெரிந்தால், ஓரத்தில் வார்ப்புக்கோடு ஓடினால், தொட்டால் சவர்க்காரம்போல வழுக்கினால் சந்தேகப்படுங்கள். அது உல்லாசப் பயணிகளுக்காக வார்த்ததாக இருக்கும்.

நிலத்துக்குள் கிடைத்த தொல்பொருளைப் பற்றி 1940-ம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பேசுகிறது. அந்தச் சட்டம் போட்ட எல்லை 1815 மார்ச் 2, கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள். நிலத்தில் கிடைத்தால் அறிவிப்பதுதான் முறை. தேடித் தோண்டுவது குற்றம். உலோகத்தைக் காட்டும் கருவியோடு திரிபவர்களுக்கு எங்கள் மேசைகளில் இடமில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டாளி வாங்கியதைக் கொண்டுபோகலாமா?

அண்மைக் காலத்துக் காமிக்ஸ், கசெட், பிஸ்கட் தகரம், சாதாரண முத்திரை என்றால் கவலையில்லை. பழைய ஓலைச்சுவடி, ஒல்லாந்தர் காசு, பழைய சிலை, கோயில் சாமான், பழைய மரவேலை போன்றவற்றைத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துச் செல்ல முடியாது. கலாசாரச் சொத்துகள் தொடர்பாக 1988-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டி திறந்த பிறகு விளக்கம் சொல்வதில் பயனில்லை. வாங்கும் முன்பே திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். யானைத் தந்தம், ஆமை ஓட்டில் செய்த சீப்பு, பெட்டி ஆகியவற்றை விற்பதும் வாங்குவதும் கொண்டுபோவதும் சிக்கல். அவற்றை மேசையில் வைக்கவே நாங்கள் விடுவதில்லை.

ஓலைச்சுவடியைப் பற்றி என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். வைத்தியம், சோதிடம், மாந்திரீகம், கூத்து என்று எதுவாக இருந்தாலும் அது எழுதப்பட்ட ஊரிலேயே இருக்கட்டும். கனடாவில் வரவேற்பறைச் சுவரில் அழகுக்குத் தொங்கும் சுவடியை வாசிக்க அங்கே யாருமில்லை. படம் பிடித்துப் பிரதியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

விலை பேசலாமா?

பேசலாம், மரியாதையோடு. மேசைக்காரர் மூத்தவர் என்றால் அண்ணன், ஐயா, காக்கா என்று ஊர்முறைப்படி கூப்பிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அவரே குறைத்துத் தருவார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே கூட்டிக் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. காலமானவரின் சேகரிப்பை அவர் மனைவியோ பிள்ளைகளோ விற்க வந்திருந்தால் பேரம் பேசவே வேண்டாம். பெறுமதி தெரியாமல் குறைத்துச் சொன்னால், சரியான விலையை நீங்களே சொல்லி வாங்குங்கள்.

ரேடியோவும் கிராமபோனும் வேலை செய்யுமா?

கிராமபோன் பாடும். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, தட்டு வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும்.

வால்வு ரேடியோவை மட்டும் கண்டபடி கரண்டில் போடாதீர்கள். பல வருடம் கிடந்த பெட்டியின் கொண்டென்சர்கள் பழுதாகியிருக்கும், நேரடியாக 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்கலாம், தீப்பிடிக்கலாம். விசயம் தெரிந்த, ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவரிடம் காட்டிய பிறகு போடுங்கள்.

கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. எங்கள் வயதுக்காரருக்கு ரேடியோ என்றால் இலங்கை வானொலியின் வர்த்தக சேவைதான். அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றாலே எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் குரல்கள் ஞாபகத்துக்கு வரும். கூட்டாளிகளில் ஒருவர் கட்டாயம் கே.எஸ். ராஜாவின் வேகத்தில் பேசிக் காட்டுவார், மற்றவர்கள் திருத்துவார்கள். தமிழ்நாட்டிலும் வீட்டுக்கு வீடு கேட்ட நிலையம் அது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்த பிறகுதான் வீடுகளில் ரேடியோ மெல்ல மெல்ல மூலைக்குப் போனது.

அந்தக் கால ஒலிபரப்பைக் கசெட்டில் பிடித்து வைத்திருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஈரத்தில் நாடா ஒட்டிப்போகும், பூஞ்சணம் பிடிக்கும். முதலில் கையால் மெதுவாக ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, கணினியில் ஏற்றிவிட வேண்டும். கசெட்டுகளுக்கு இனிக் காலம் அதிகம் இல்லை.

யுத்தகாலத்துக் கடிதம், சுனாமியில் தப்பிய படம் போன்றவற்றையும் வைப்பீர்களா?

சொந்தக்காரர் விரும்பினால் வைப்போம், விலைக்கு ஒருபோதும் வைப்பதில்லை. அந்த மேசையில் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். படம் பிடிக்கும் முன் அவரிடம் கேளுங்கள். ஒருவரின் படத்துக்கு முன்னால் யாராவது நெடுநேரம் நின்றால் அவசரப்படுத்த வேண்டாம், விசாரிக்கவும் வேண்டாம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். உங்கள் குழுவில் காணாமல் போன உறவுள்ளவர் இருந்தால், இப்படி ஒரு மேசை இருக்கிறது என்று வரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

எந்தக் காலத்தில் வருவது நல்லது?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். தாளும் படமும் வெளியே எடுக்கக் கூடாத மாதங்கள், பாதையும் வெள்ளத்தில் நிற்கும். மாசியிலிருந்து ஆவணி வரை சரி. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு ரயில்தான் என் சிபாரிசு. மட்டக்களப்புப் பாதை 1928-லிருந்து இருக்கிறது, கூட்டாளிகளோடு வருவதற்கு அதைவிட நல்ல வழியில்லை.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

கட்டாயம். எண்ணைச் சுழற்றும் போன், தட்டச்சு மெசின், கிராமபோன் சாவி மூன்றையும் அவர்கள் தொட விடுகிறோம். அவர்களுக்குக் கதை சொல்லும்போது “அந்தக் காலம்தான் காலம்” என்று தொடங்காதீர்கள். அது எப்படி வேலை செய்தது என்று காட்டுங்கள், அவர்களே கேள்வி கேட்பார்கள்.

பார்த்து முடிந்த பிறகு எங்கே போகலாம்?

கோட்டைக்குள் ஒரு நடை. நேரம் இருந்தால் காத்தான்குடி பூர்வீக நூதனசாலை. முஸ்லிம் வீடுகளின் பழைய பாவனைப் பொருட்களும் ஆளுயர உருவங்களில் வாழ்க்கைக் காட்சிகளும் அங்கே இருக்கின்றன. கூட்டாளிகளில் காத்தான்குடிக்காரர் இருந்தால் விளக்கத்துக்கு ஆள் தேடத் தேவையில்லை. பின்னேரம் கல்லடிப் பாலம். 1924-ல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013-ல் புதியது வந்துவிட்டது. பழையதை இடிக்காமல் விட்டது நல்ல காரியம். பாலத்துக்குக் கீழே வாவியில் கேட்பதாகச் சொல்லும் பாடும் மீனின் ஒலியை இயேசு சபைக் குரு ஒருவர் ஒலிநாடாவில் பிடித்தார், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. இருட்டிய பிறகு தேத்தண்ணியும் கொத்து ரொட்டியும். அங்கேதான் மிச்சப் பெயர்கள் ஞாபகம் வரும், கொப்பியை ஓட்டோவில் விட்டுவிடாதீர்கள்.

என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை. எனக்குப் பிறகு இந்தச் சேகரிப்பை என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கடைசியில், மேசை மடக்கும்போது, தனியாக வந்து கேட்கிறார்கள்.

தாள், கொப்பி, பத்திரிகை, சிறுசஞ்சிகை, கூத்து ஏடு, நினைவு மலர் என்றால் நூலகம் நிறுவனத்தோடு பேசுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005-லிருந்து மின்வடிவாக்கி எல்லாரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்தபோது வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் போயின. பிரதி இருந்தால்தான் தப்பும் என்பதை அதற்குப் பிறகும் நாம் படிக்காமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடப் படங்களை அந்தந்தப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் பிரதியைக் கொடுத்து மூலத்தை வீட்டில் வையுங்கள்.

காசும் முத்திரையும் இன்னொரு சேகரிப்பாளர் கைக்குப் போவதுதான் நல்லது. உங்களுக்குப் பிறகு வீட்டார் அவசரத்தில் நிறைக்கு விற்காமல் இருக்க, இப்போதே ஒரு பட்டியல் போடுங்கள். என்ன பொருள், யாரிடமிருந்து எப்போது வந்தது, எவ்வளவு கொடுத்தீர்கள், யாரிடம் கேட்டால் சரியான விலை சொல்வார், எதை விற்கவே கூடாது என்று எழுதுங்கள். பட்டியலைக் கையால் எழுதினாலும் போதும். ஒரு பிரதி காணி உறுதி இருக்கும் இடத்தில் இருக்கட்டும், இன்னொரு பிரதியை உங்கள் சேகரிப்பை நன்கு தெரிந்த கூட்டாளியிடம் கொடுத்து வையுங்கள்.